தம்பி மகனுக்கு முதல் ரைபிள்

சென்ற டிசம்பரில் நியூசிலாந்திலிருந்து தம்பி மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் விளைகளுக்கு நடுவே எங்கள் வீடு. இரவு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது செல்போனை என் பக்கம் நீட்டினான். ஒரு ரைபிளின் படம்.

"பெரியப்பா, லைசென்ஸ் வந்துவிட்டது. இதை வாங்கலாம் என்று இருக்கிறேன். 300 மேக்னம், கூடுதல் மருந்து ஏற்றிய பெரிய தோட்டா. எவ்வளவு பெரிய மானாக இருந்தாலும் இதன் முன்னால் நிற்காது என்கிறார்கள்."

என் வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் எங்கோ விழுந்து பட்டது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். அது எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னேன். பிறகு அவன் ஊரில் இருந்த ஐந்து வாரமும் எங்கள் பேச்சு திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது. அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று நியூசிலாந்து, கனடா என்று போய்க் குடியேறியிருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் வேட்டைக்குக் கூப்பிடுவார்கள். போக ஆசை இருக்கும்; கேட்டுத் தெரிந்துகொள்ள நம் மொழியில் ஆள் இருக்காது.

நம் ஊர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வேட்டைக்கு இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்துவைத்தது. 2002இல் நம் மாவட்டத்துக் காடுகளே கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டன. எங்கள் பாட்டாவிடம் திருவிதாங்கூர் காலத்து லைசென்சில் ஒரு தோக்கு இருந்தது. குழல்வாய் வழியாக மருந்து இடித்து, கேப்பு வைத்துச் சுடுகிற பழைய வகை. மரச்சீனி தோண்ட வரும் பன்றிக்காக வைத்திருந்தார். வயதானதும் அவரே அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். நான் இந்த மண்ணில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. இனி யாரும் சுடவும் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

நியூசிலாந்தின் கணக்கு வேறு. அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. மான்கள் எல்லாம் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் கப்பலில் வந்தவை. அவற்றை அடித்துத் தின்னப் புலியோ செந்நாயோ அங்கே இல்லை. பெருகிப் பெருகி, காட்டின் இளஞ்செடிகளை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. அதனால் பெரும்பாலான அரசுக் காடுகளில் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டை இயற்கைப் பாதுகாப்புத் துறையே இலவசமாகத் தருகிறது. இதில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. 1875இல் இலங்கையிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்ட மான் வேறெதுவும் இல்லை, நம் மிளாதான். கோதையாற்றுப் பக்கம் அந்தி நேரத்தில் தண்ணீர் குடிக்க வருகிற அதே மிளாவின் உறவுகள் அங்கே வட தீவில் இருக்கின்றன. இங்கே அதைத் தொட்டால் சிறை. அங்கே அதற்கு வேட்டைப் பருவமும் அனுமதிச் சீட்டும் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவனுக்கு இதில் குழப்பம் ஏதும் இல்லை.

நான் 2007இல் நர்ஸ் வேலைக்கு நியூசிலாந்தின் தென்கோடிக்குப் போனேன். ஊர் இன்வர்கார்கில். 2009இல் துப்பாக்கி லைசென்சுக்கு விண்ணப்பித்தேன். பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். துப்பாக்கி வைக்கப்போகும் இரும்பு அலமாரி சுவரோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார். அப்புறம் என்னை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு, சமையலறையில் என் மனைவியிடம் தனியாக அரைமணி நேரம் பேசினார். உங்கள் கணவர் கோபக்காரரா, குடிப்பாரா, இவர் கையில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா என்றெல்லாம் கேட்டாராம். ஒரு வீட்டில் துப்பாக்கி நுழையலாமா என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்கிற அந்த வழக்கத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

லைசென்ஸ் வந்த வாரமே கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கை எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. எங்கே, எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறேன் என்றும் கேட்கவில்லை. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு 300 மேக்னத்தை எடுத்து வைத்தார். "இது ஒன்று இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்" என்றார். அதை முழுதாக நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை சுடும் களத்தில் மூன்றாவது குண்டோடு, குறி பார்க்க ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் வளையம் என் புருவத்தில் வந்து இறங்கியது. தோளில் வைக்கும் கட்டை என் கைக்கு நீளம். விசையை எட்டுவதற்காகக் கழுத்தை முன்னால் நீட்டியிருந்தேன். ஸ்கோப்பையும் அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்றரை அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை. ரத்தம் இமையில் வழிந்து, எதிரே வைத்த இலக்குத் தாள் சிவப்பாகத் தெரிந்தது. நான் வேலை பார்த்த வார்டிலேயே போய் மூன்று தையல் போட்டுக்கொண்டேன்.

தையல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. மனசுக்குள் போன பயம் ஆறவில்லை. அது இருப்பதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. தாளில் குண்டுகள் கீழேயும் இடப்பக்கமுமாகச் சிதறின. ஸ்கோப்பைத் திருகிப் பார்த்தேன். தோட்டாவை மாற்றிப் பார்த்தேன். மே மாதம் தகிடிமு மலைப் பக்கம் ஒரு பெண் செம்மான் எண்பது மீட்டரில் பக்கவாட்டாக வந்து நின்றது. இதைவிட எளிதான வாய்ப்பு யாருக்கும் அமையாது. தோள்பட்டைக்குப் பின்னால் குறி வைத்தேன். குண்டு வயிற்றில் பட்டது.

இருட்டும் வரை தேடினேன். பாசி படிந்த தரையில் இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி. நிறம் கறுத்து, பச்சை கலந்திருந்தது. வயிற்றில் காயம்பட்டு வருகிற நோயாளிகளை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். அந்த வலி எப்படிப்பட்டது, எத்தனை மணி நேரம் நீளும் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் ஓடைக்கரையில் கண்டெடுத்தோம். உடல் முழுக்க விறைத்திருக்கவில்லை. அப்படியென்றால் அது செத்து அதிக நேரம் ஆகவில்லை. தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது என் குரல் உடைந்தது. பதினைந்து வருஷம் கழித்தும் உடைகிறது.

என் பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். ஐம்பது வருஷம் ஆடு மேய்த்தவர். அவர் ஒன்றும் பேசாமல் என்னைச் சுடும் களத்துக்குக் கூட்டிப்போனார். ரைபிளை அவரே வாங்கி, எனக்கு முதுகைக் காட்டியபடி தோட்டா போட்டுக் கொடுத்தார். சில தடவை உண்மைத் தோட்டா, சில தடவை மருந்து இல்லாத வெற்றுத் தோட்டா. எது எப்போது என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை இடி போல வெடித்தது. இரண்டாவது தடவை விசையை இழுத்தேன். 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல்வாய் என் கண் முன்னாலேயே இரண்டு அங்குலம் கீழே குத்தியது. இமைகள் இறுக மூடியிருந்தன. வரப்போகும் உதைக்குப் பயந்து, குண்டு கிளம்புவதற்கு முன்பே என் உடம்பு துப்பாக்கியைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த மான் வயிற்றில் அடிபட்டதற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கே தன் மனைவியின் 243 ரைபிளை அவர் என் கையில் கொடுத்தார். நாற்பது தோட்டா சுட்டேன். முதல் பதினைந்து வரைக்கும் உடம்பு பதறியது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. மேக்னத்தை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு ஒரு 308 வாங்கினேன். 2023இல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பும் வரை அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

இந்த எண்கள் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். பறந்து போவது குண்டு மட்டும்தான். 308, 243 என்பவை குண்டின் குறுக்களவை அங்குலத்தில் சொல்வதால் வந்த பெயர்கள், 0.308 அங்குலம், 0.243 அங்குலம். 308 சந்தைக்கு வந்தது 1952இல். அதே பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1955இல் 243ஐச் செய்தார்கள். இன்னொரு விதமாகச் சுருக்கி 1980இல் 7 மில்லிமீட்டர்-08 வந்தது. ஆக மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 30-06 இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1906இல் வந்தது. இப்போது எல்லாரும் பேசும் 6.5 கிரீட்மோர் 2007இல்தான் வந்தது.

உதையைப் பொறுத்தவரை, ஒரே எடையுள்ள ரைபிளில் சுட்டால் 243தான் மென்மை. 6.5 கிரீட்மோரும் 7 மி.மீ.-08உம் கொஞ்சம் கூடுதல். 308 அதற்கும் மேல், 30-06 இன்னும் ஒரு படி மேல். 300 மேக்னத்தின் உதை 308இன் உதையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கூடுதல் மருந்து கூடுதல் வேகம் தருகிறது, தூரத்தில் அது பயன்படும் என்பதும் உண்மைதான். ஆனால் தென் தீவின் காடுகளுக்குள் நான் சுட்ட மான்களில் பெரும்பாலானவை நூறு மீட்டருக்குள் நின்றவை. நூறு மீட்டரில் நெஞ்சில் பட்ட 7 மி.மீ. குண்டுக்கும் மேக்னம் குண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மான் அறியாது. வயிற்றில் பட்டதற்கும் நெஞ்சில் பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை அது உயிரோடு அனுபவிக்கும்.

அதனால் அவனுக்கு நான் சொன்னது: 7 மி.மீ.-08, 6.5 கிரீட்மோர், 308 இந்த மூன்றில் ஒன்று. எதை என்பதை உன் ஊர்க் கடையில் எந்தத் தோட்டா வருஷம் முழுக்கக் கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய். 243 செம்மானுக்குப் போதும்தான். ஆனால் குண்டு சிறிது. பட வேண்டிய இடத்தில் கச்சிதமாகப் பட வேண்டும். புதியவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கிற குண்டு நல்லது. ஆள் மெலிந்தவர், உதைக்கு அஞ்சுபவர் என்றால் 243இலேயே தொடங்கட்டும். அதில் ஒரு குறைவும் இல்லை.

எடை பற்றிய பேச்சு வந்தபோது அவன் கேட்டான்: "பாரம் கூடினால் உதை குறையும் என்கிறார்களே பெரியப்பா, அப்படியானால் பாரமானதையே வாங்கலாமே?" அவன் கேட்டது சரிதான். அதற்குப் பதில் சொல்லாமல் வடக்குப்புறத்திலிருந்து அம்மாவின் பழைய உலக்கையை எடுத்து வந்தேன். ரப்பர் ஷீட் எடுக்கும் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 3 கிலோ 800 கிராம். ரைபிள் மூன்று கிலோ, ஸ்கோப்பும் அதன் வளையங்களும் அரைக் கிலோ, வார், தோட்டா, குழல்வாயில் மாட்டும் ஒலியடக்கி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். மறுநாள் காலை ரப்பர் விளையின் மேட்டுத் தட்டுகளில் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ஏறி இறங்கச் சொன்னேன். ஒரு கையில்தான் பிடிக்க வேண்டும், நுனி எப்போதும் ஆள் இல்லாத பக்கம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பால் வெட்ட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்தவன் சட்டையைப் பிழிந்தான். "இதைவிட ஒரு கிலோ கூடினால் மலையில் முடியாது" என்றான். "குறைந்தால்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குறைந்தால் உதைக்கும்" என்றான். எல்லாம் சேர்த்து மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே என்று அவனே முடிவு கட்டினான்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. கட்டை உடம்புக்குப் பொருந்த வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரைபிள்களில் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். அங்கே சராசரி ஆள் நம்மைவிட உயரம். அவர்கள் அளவுக்குச் செய்தது அது. எனக்கு ஐந்தடி நாலு அங்குலம். தம்பி மகனும் என்னை மாதிரிதான். பக்கத்தில் பலகை மில்லில் ஓர் அயினிப் பலகைத் துண்டு வாங்கி, மூன்று அளவுகளில் கட்டை மாதிரி வெட்டிக் கொடுத்தேன். முழங்கையை மடக்கி, பலகையின் பின்முனையைக் கைமடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாகப் போய் உட்கார வேண்டும். இது தோராயமான சோதனைதான். அடுத்தது உறுதியான சோதனை. கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். கழுத்தை நீட்டாமல், தூக்காமல், கண் நேராகக் குழலின் கோட்டில் இருக்க வேண்டும். பதின்மூன்றரையில் அவன் கழுத்து ஆமை மாதிரி நீண்டது. பன்னிரண்டேமுக்காலில் தானாகப் பொருந்தியது. சிறு உடம்புக்காரர்களுக்கென்றே குட்டைக் கட்டை வைத்த மாதிரிகள் கடையில் உண்டு. கட்டையின் பின்முனையில் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றிக்கொள்கிற மாதிரிகளும் உண்டு. அவற்றைச் சிறுவர்களுக்கானவை என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். என் புருவத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அதோடு கண்ணையும் சோதித்தோம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை வைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி எதிர் விளையின் தென்னங்குலையை அதற்குள் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது குலை ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் ஆளும் கண். அவன் வலது கைக்காரன், கண்ணும் வலதுதான். மாறி இருந்தால் இடது கை ரைபிள் பழகலாமா, இடது கண்ணை மூடிச் சுடலாமா என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

வகையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. போல்ட் ரைபிள். கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். அறைக்குள் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது எப்போதும் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைகளில் பெரும்பாலானவற்றை நியூசிலாந்து தடை செய்துவிட்டது. 2023 ஜூனிலிருந்து துப்பாக்கிகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இவை இடைஞ்சல் என்று அங்கே குறைப்பட்டுக்கொண்டவர்களோடு நான் சேரவில்லை.

ஃபின்லாந்தின் டிக்கா, ஜப்பானின் ஹோவா, அமெரிக்காவின் ரூகர் என்று புதியவர் வாங்கக்கூடிய நல்ல ரைபிள்கள் பல இருக்கின்றன. இன்றைக்கு அவற்றில் எதை எடுத்தாலும், அதைக் கையாளும் ஆளைவிட அது துல்லியமாகத்தான் சுடும். ஆகவே கம்பெனியைப் பற்றிக் கவலைப்பட்டு ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மரக்கட்டையா செயற்கைக் கட்டையா என்ற கேள்விக்கு மட்டும் தென் தீவின் மழையை நினைத்துக்கொள்ளுங்கள். மில்ஃபோர்டு சவுண்டில் வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. இரண்டு பருவமழையும் பார்க்கிற நாமே மலைத்துப்போகிற மழை அது. ஈரத்தில் மரம் வீங்கிக் குழலை அழுத்தினால் குண்டு படும் இடம் மாறும். துருப்பிடிக்காத எஃகுக் குழலும் செயற்கைக் கட்டையும் அழகு குறைவுதான், நம்பகம் கூடுதல்.

கையில் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பதுக்கு மேல் ரைபிளுக்குக் கொடுக்காதே என்றேன். முப்பது ஸ்கோப்புக்கு, இருபது பழகுவதற்கான தோட்டாவுக்கும் காதுக் கவசத்துக்கும். அவன் பார்த்து வைத்திருந்த ஸ்கோப் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம். அந்தி வெளிச்சத்தில், காட்டுக்குள், நாற்பது மீட்டரில் நிற்கும் மானை அதில் பார்த்தால் ரோமம் மட்டும்தான் தெரியும். எந்த உறுப்பு என்று தெரியாது. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்ற பழைய எளிய ஸ்கோப் போதும். அதிலும் மூன்றிலேயே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கூட்டுவதற்கு எப்போதும் நேரம் கிடைக்கும், குறைப்பதற்குக் கிடைக்காது. ஸ்கோப்பைப் பொருத்தும்போது கடைக்காரர் தோளில் வைத்துப் பார்த்து இறுக்கினால் விடாதீர்கள். உங்கள் தோளில், உங்கள் குளிர்ச்சட்டையோடு வைத்துப் பார்த்துத்தான் இறுக்க வேண்டும்.

நூறு மீட்டரில் குறி சரியாகப் படும்படி ஸ்கோப்பை அமைத்தால், 308இன் குண்டு இருநூறு மீட்டரில் நாலைந்து அங்குலம் தாழ்ந்து படும். முந்நூறில் ஏறத்தாழ ஒரு முழம் தாழும். முந்நூறு மீட்டர் பேச்சைப் பேசுபவர்கள் இந்த ஒரு முழத்தைச் சொல்வதில்லை. மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. நான் பழகியது அதைவிடச் சிறிய சாசர்த் தட்டை வைத்து. மேசையில் சாய்த்து வைத்துச் சுட்டால் எல்லாரும் தட்டை அடிப்பார்கள். முழங்காலிட்டு, நின்று, முதுகுப்பையின் மேல் வைத்து, ஓடிவந்த மூச்சிரைப்போடு சுட வேண்டும். எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டுக்குள் விழுகிறதோ அந்தத் தூரம்தான் உங்களுடைய தூரம். அதற்கு அப்பால் நிற்கும் மானை வெறுமனே பார்த்துவிட்டு வர வேண்டும்.

வேட்டைக்கு மென்முனைக் குண்டுதான் வேண்டும். பட்டதும் விரிந்து வேலையை உடனே முடிக்கும். முழு உலோக உறை போட்ட குண்டு ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் காயத்தோடு ஓடும். விலை குறைவு என்று அதை வாங்கி மலைக்குக் கொண்டுபோவது பாவம். ஒரு ரைபிளுக்கு ஒரே எண் தோட்டாவானாலும் கம்பெனிக்குக் கம்பெனி படும் இடம் மாறும். மூன்று வகை வாங்கிச் சுட்டுப்பார்த்து, சேர்ந்து விழுகிற ஒன்றை வைத்துக்கொண்டு, பிறகு மாற்றவே கூடாது.

காதைப் பற்றி நர்ஸாகச் சொல்கிறேன். ரைபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலை ஒட்டி இருக்கும். 140ஐத் தாண்டினால் ஒரே வெடியில்கூட உள்காதின் நுண்மயிர் அணுக்கள் சாகும். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. நியூசிலாந்தில் ஒலியடக்கி சட்டப்படியானது. சத்தத்தோடு உதையையும் குறைக்கிறது. முதல் ரைபிளிலேயே அதை மாட்டும் மரை குழல்வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலியடக்கி மாட்டினாலும் களத்தில் காதுக் கவசம் கட்டாயம்.

அங்கே பாதுகாப்பு விதிகள் ஏழு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். குழல்வாயை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வைக்க வேண்டும். சுடத் தயாரான பிறகே அறைக்குள் தோட்டா ஏற்ற வேண்டும். இலக்கு எது என்று சந்தேகத்துக்கே இடமில்லாமல் அறிய வேண்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். குடித்துவிட்டுத் தொடக்கூடாது. இந்த ஏழையும் அவனைத் தினமும் ஒப்பிக்க வைத்தேன். நாலாவதை மட்டும் இரண்டு தடவை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண் செம்மான்கள் கூவும் பருவத்தில், அந்தக் கூவலை வாயால் செய்துகொண்டு புதருக்குள் வருகிற வேட்டைக்காரனை மான் என்று நினைத்துச் சுட்ட துயரங்கள் அங்கே நடந்திருக்கின்றன. பெரும்பாலும் சுட்டவரும் செத்தவரும் நண்பர்கள். அசைவைச் சுடாதே, நிறத்தைச் சுடாதே, சத்தத்தைச் சுடாதே மக்களே. தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே பார்வையில் முழு மானாகப் பார்த்த பிறகு விரலை விசைக்குக் கொண்டுபோ.

பழைய ரைபிள் வாங்கலாமா என்று கேட்டான். வாங்கலாம். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார். உள்ளே ஓடும் சுருள் வரிகள் கூர்மையாக, துரு இல்லாமல் இருக்க வேண்டும். குழல்வாயின் விளிம்பு நசுங்கியிருக்கக் கூடாது. முன் இருந்தவர் ஏன் விற்றார் என்று தெரிந்துகொள். நான் வாங்கிய மேக்னத்தை முன்னவர் ஏன் விற்றிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அவன் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கரண்ட் போயிருந்தது. அணைப்பக்கத்துக் காட்டிலிருந்து மிளா ஒன்று கனத்த குரலில் ஒரே ஒரு தடவை கத்தியது. எதையோ கண்டு எச்சரிக்கும் குரல். அவன் எழுந்து முற்றத்து ஓரம் வரை போய் இருட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.

பிப்ரவரியில் 7 மி.மீ.-08 வாங்கியிருக்கிறான். குட்டைக் கட்டை, எஃகுக் குழல், மூன்று-ஒன்பது ஸ்கோப். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நூறு மீட்டரில் வைத்த சாசர்த் தட்டு அளவுத் தாள், நடுவில் ஐந்து ஓட்டைகள், ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். மேசையில் வைத்துச் சுட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். முழங்காலிட்டுச் சுட்டுவிட்டு அனுப்பு என்று எழுதினேன். நேற்று இன்னொரு தாள் வந்தது. நாலு ஓட்டைகள் தட்டுக்குள் இருக்கின்றன. ஐந்தாவது கீழே, இடப்பக்கம், தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. வெற்றுத் தோட்டா வாங்கி நண்பனிடம் கொடுத்து, உன் முதுகுக்குப் பின்னால் மாற்றிப் போடச் சொல் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.